நனைந்ததை மேலே வையுங்கள்

மதீனா நகரின் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதனுள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் வினவியபோது, மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் கூறினார். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள்.

அன்பர்களே! மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. ஈரத்தை அடியில் மறைத்ததே குற்றம். இவ்வரலாற்றைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் நம் கணக்குப் புத்தகத்தை விரிக்கும்போது அதை நினைக்கிறோமா?

ஒளிப்பவர் பிறரை மட்டுமா கெடுக்கிறார்? 1970ஆம் ஆண்டில் ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் பழைய மோட்டார் கார்களின் சந்தையைக் கொண்டு இதனை விளக்கினார். வண்டியின் பழுது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே, வாங்குபவர் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலையே தர முன்வருவார். நல்ல வண்டி உடையவர் அவ்விலைக்கு விற்க மனமின்றி விலகுவார். எஞ்சி நிற்பவை பழுதானவையே. இவ்வாய்வுக்காக 2001இல் அவர் வேறிருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தொழில் நிறுவனங்களின் நிலையும் இதுவே. உள்நிலை தெரியாதபோது பணம் தருபவர் தீயதையே எதிர்பார்ப்பார். கடனாயின் வட்டியை உயர்த்துவார். பங்காயின் விலையைக் குறைப்பார். மறைப்பவர் செய்த பாவத்துக்கு நேர்மையாளரும் அபராதம் செலுத்துகிறார். சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர், ஏட்டில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணமே என்று 2009 ஜனவரி 7ஆம் நாள் ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் அதன் பங்கு விலை நான்கில் மூன்று பகுதிக்கு மேல் சரிந்தது.

நம் மார்க்கம் வட்டியை விலக்கி, இலாப நட்டத்தில் பங்கேற்கும் வழியைக் காட்டியுள்ளது. முளாரபா முறையில் ஒருவர் முதல் தருகிறார்; மற்றவர் உழைப்பைத் தருகிறார். உழைப்பவரின் தவறின்றி நட்டம் நேர்ந்தால், முதலிழப்பு முழுவதும் பணம் தந்தவரையே சாரும். ஈட்டுப் பொருளை வாங்கி வைத்துக்கொண்ட வட்டிக்கடைக்காரர் கணக்குக் கேளாமல் இருக்கலாம். முளாரபாவில் முதல் தந்தவர் கேளாமல் இருக்கலாமா? கணக்கை மூடிவைக்கும் ஒவ்வொரு பங்காளியும், தம் சகோதரரை வட்டிக்கடை வாசலுக்கு அனுப்புகிறார் என்றே சொல்வேன்.

வியாபாரத்தில் இரகசியம் வேண்டாமா எனச் சிலர் கேட்பர். சரக்கு வாங்கும் இடத்தையும் செய்முறையையும் ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், வாராக்கடனையும் தேங்கிய சரக்கையும் முதல் தந்தவரிடம் மறைப்பது இரகசியம் ஆகாது. அது அடியில் கிடக்கும் ஈரம்.

கொடுப்பவருக்கும் பொறுப்புண்டு. ஹலாலான இலாபம் என்று சொல்லிப் பணம் திரட்டிய பெங்களூர் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் நொடித்தபோது, பல்லாயிரம் குடும்பங்கள் புகார் மனுவுடன் நின்றன. அவர்களுள் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர். மகளின் திருமணத்துக்கென்று சேமித்த பணத்தை ஒருவரிடம் ஒப்படைக்குமுன், இலாபம் எத்தொழிலிலிருந்து வருகிறது, கணக்கைத் தணிக்கை செய்தவர் யார் என்று கேளுங்கள். தாடியும் தொப்பியும் தணிக்கை அறிக்கை ஆகமாட்டா. கேட்பது தவறான எண்ணமும் ஆகாது. திருமறையின் மிக நீண்ட வசனமே கடனை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடும் வசனம்தானே!

வணிகப் பெருமக்களே! இவ்வாண்டு நட்டமாயின் நட்டமென்றே எழுதுங்கள். பங்காளி கேட்குமுன் ஏட்டை அவர் முன் விரியுங்கள். முதலில் சிலர் விலகிப் போகலாம். நிலைத்திருப்பவர்கள் அடுத்த முறை தயங்காமல் முதல் தருவார்கள். குறைந்த பங்குக்கும் இசைவார்கள். மெய்யுரைத்துக் குறைகளை வெளிப்படுத்தும் வணிகத்தில்தான் பரக்கத் உண்டென்பது நபிமொழி.

மறைவானவற்றையெல்லாம் அறிந்த வல்ல நாயன், நம் கணக்குகளை இங்கேயே நேராக்கிக்கொள்ள அருள்புரிவானாக! ஆமீன்.