லயத்து வீட்டை வரைந்து வையுங்கள்



ஒரு வீட்டை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக முடியுமா? "இதென்ன வேடிக்கை!" என்பீர்கள். நம் கோலாலம்பூரிலேயே அது நடந்திருக்கிறது.

கெடா மாநிலத்து மஹாங் பக்கம் பெங்ஹுலு அபு செமான் என்ற ஊர்த்தலைவரின் மர வீடு இருந்தது. 1910 தொடங்கி 1930களின் தொடக்கம் வரை பகுதி பகுதியாக வளர்ந்த வீடு அது. பிற்காலத்தில் பாழடைந்து கிடந்தது. பாடான் வாரிசான் மலேசியா என்னும் அமைப்பு அதைப் பிரித்தெடுத்து, 1996இல் தலைநகரின் ஜாலான் ஸ்டோனருக்குக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியது.

எப்படி முடிந்தது? மலாய்க்காரர்களின் கம்பத்து வீட்டு அமைப்பே அப்படி. தூணில் துளையிட்டு, சட்டத்தைச் செருகி, ஆப்பு வைத்து இறுக்குவார்கள். ஆப்பைத் தட்டிவிட்டால் வீடு கழன்று வரும். கால்கள்மேல் நிற்பதால் ஈரம் ஏறாது. பலகை இடுக்கில் காற்று வரும். பிள்ளைகள் பெருகினால் பக்கத்தில் இன்னொரு பகுதியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ருஷ்ய நாட்டுக் குடியானவர்கள் குளிருக்கு அஞ்சி, முழு மரங்களை அடுக்கிச் சுவர் எழுப்பி, உள்ளே பெரிய அடுப்பு கட்டினார்கள். அப்படிப்பட்ட பழைய வீடுகளைக் கிஷி என்ற தீவில் கொண்டுவந்து வைத்துக் காக்கிறார்கள்.

சரி, நம் வீடு எங்கே?

கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் பிறந்த லயமும் மர வீடுதான். கால்கள்மேல்தான் நின்றது. ஆனால் அது குடும்பத்துக்காகப் போட்ட வீடல்ல. குறைந்த செலவில் நிறைய ஆட்களை அடைக்கப் போட்டது. தடுப்புப் பலகை கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். பெங்ஹுலுவின் வீடு குடும்பத்தோடு வளர்ந்தது. எங்கள் வீடு வளரவில்லை, நாங்கள்தான் ஒடுங்கிக்கொண்டோம்.

அப்படியும் அதை வீடாக்கியவர்கள் நம் பெற்றோர். வீட்டுக்கடியில் விறகும் கோழிக்கூடும். அஞ்சடியில் பாட்டியின் கதை. வாசல் தூணில் ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா என் உயரத்தைக் கோடு கீறி வைப்பார்.

தோட்டம் கைமாறியது. லயத்தை இடித்தார்கள். யாரும் அளக்கவில்லை, படம் வரையவில்லை. அந்தத் தூண் எந்த அடுப்பில் எரிந்ததோ!

ஆகவே ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தாத்தா பாட்டியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பிள்ளைகள் கையில் பென்சிலைக் கொடுங்கள். அடுப்பு எங்கே, சாமிப்படம் எங்கே, தண்ணீர்க்குழாய் எத்தனை எட்டு தூரம், பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டு வரையச் சொல்லுங்கள். அடியில் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். கோடு கோணலாக வந்தால் என்ன?

பெங்ஹுலு வீட்டைக் காப்பாற்ற ஓர் அமைப்பு வந்தது. நம் லயத்து வீட்டுக்கு நாம்தான் இருக்கிறோம்.