வானத் தீவுகள்

தீவு என்றதும் நாற்புறமும் கடல் சூழ்ந்த நிலமே நம் நினைவில் எழும். கடலின்றியும் தீவுகள் உண்டு. திருவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் நின்று மேற்கே நோக்குங்கள். அடிவாரம் வெயிலில் காயும்பொழுதும் முகடுகள் முகிலில் மூழ்கியிருக்கும். சமவெளியின் வெப்பமே கடல். குளிர்ந்த முகடுகளே தீவுகள். அறிஞர் இவற்றை வானத் தீவுகள் என்பர்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிச் சோலைகளில் சோலைக்கிளி என்னும் சிறு பறவை வாழ்கின்றது. பெயரில் கிளியாயினும் அது கிளியன்று. இருண்ட சோலையின் தரையருகே பூச்சி தேடித் திரிவது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஓரினமும், தெற்கே ஆனைமலை, பழனிமலைகளில் வேறோரினமும் உள்ளன. கணவாயின் அகலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டரே. ஆயினும் அதனைக் கடந்து அவை கலப்பதில்லை.

"சிறகுள்ள உயிருக்கு வெப்பத்தால் என்ன கேடு? வேறிடம் பறந்து போகாதோ?" என்பாரும் உளர். அக்கூற்றை நான் ஏற்பதற்கில்லை. மலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். உலக வெப்பம் ஒரு டிகிரி உயரின், பழைய குளிர்ச்சியை நாடும் பறவை 150 மீட்டர் மேலே செல்ல நேரும். ஏற ஏறத் தீவு சுருங்கும். உச்சிக்கு அப்பால் வெறும் வானந்தான்.

புவியின் வெப்பம் ஒரு மாவட்டத்தாரால் தணிவதன்று. ஆயினும் அத்தீவுகளை நாமும் சுருக்காதிருத்தல் கூடும். நீலகிரியிலும் பழனிமலையிலும் சோலைகளைச் சூழ்ந்த புல்வெளிகளில் சீகையும் தைல மரமும் நட்டோம். அங்கு வாழ்ந்த நெட்டைக்காலிப் பறவையின் இடம் குறுகியது. இங்கோ 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. புலியின் பெயரால் காக்கப்படும் இக்காட்டில் அடிவாரம் முதல் முகடு வரை மரத்தொடர் அறாதிருத்தல் வேண்டும் என்பேன். மேலேற வேண்டிய பறவைக்கு வேறு வழி இல்லை.