சிறையில் சலுகை எது, உரிமை எது?

சவுக்கடியே சிறையை ஆண்ட காலத்தில் நன்னடத்தைக்குப் பரிசளிக்கத் துணிந்தவர் அலெக்சாண்டர் மெக்கோனக்கி. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, நார்ஃபோக் தீவின் கொடுஞ்சிறைக்கு 1840-இல் தலைமை ஏற்றார். உழைப்புக்கும் ஒழுக்கத்துக்கும் மதிப்பெண் தந்தார். தவறுக்கு அதைக் குறைத்தார். அவ்வாண்டு மே மாதம், விக்டோரியா அரசியின் பிறந்தநாள் விழாவில், கைதிகளைத் தீவில் உலவவிட்டார். அவர்கள் அமைதியாகத் திரும்பினர். ஆயினும், சேர்த்த மதிப்பெண்ணுக்கு ஈடாக விடுதலை வழங்கும் அதிகாரத்தை மேலிடம் அவருக்குத் தரவில்லை. 1844-இல் அவர் பதவியும் முடிந்தது. கைதி தன் வாக்கைக் காத்தான். அரசு தன் பங்கைச் செய்யவில்லை.

நன்னடத்தைக்குப் பரிசளிக்கும் அதே எண்ணத்தில், இங்கிலாந்திலும் வேல்சிலும் 1995 முதல் சிறைகளில் படிநிலைச் சலுகை முறை நடைமுறையில் உள்ளது. அடிப்படை, இயல்பு, உயர்வு என மூன்று படிகள். படி உயர உயர உறவினர் சந்திப்பு கூடும். செலவிடும் பணம் கூடும். அறையில் தொலைக்காட்சி கிடைக்கும். தனிமை அறையை விட்டால் வேறு வழியறியாத நிர்வாகத்துக்கு இது நல்ல மாற்று. நெடுந்தண்டனை பெற்றவனுக்கு நாளைய நாளைப் பொருளுள்ளதாக்கும் வலிமையும் இதற்கு உண்டு.

ஆனால் நன்னடத்தையை அளப்பவர் யார்? அன்றாடம் காவல் காக்கும் அலுவலரே. அவர் எழுதும் ஒரு குறிப்பு ஒருவனைக் கீழிறக்கும். பணிந்து நடிக்கத் தெரிந்தவன் ஏறுகிறான். மனநோயால் அலறுபவன் இறங்குகிறான். கறுப்பினக் கைதிகளில் அடிப்படைப் படியில் இருப்போரின் விகிதம், வெள்ளையரில் உள்ளதைவிட மிகுந்திருப்பதை அந்நாட்டு அரசின் புள்ளிவிவரங்களே காட்டுகின்றன.

இதனினும் ஆழமான கேடு 2013-இல் வெளிப்பட்டது. நீதித்துறை அமைச்சர் கிறிஸ் கிரேலிங் இச்சலுகை முறையின் விதிகளை இறுக்கினார். வீட்டிலிருந்து வரும் பொதிகள் பெரும்பாலும் தடைபட்டன. அவற்றோடு நூல்களும் தடைபட்டன. எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தனர். நூல்களைத் தடுத்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று 2014 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லாவற்றையும் சலுகை எனப் பெயரிட்டால், பறிப்பதற்குத் தண்டனை என்று சொல்ல வேண்டிய தேவையே அற்றுப்போகிறது. முறையான விசாரணையின்றித் தண்டிக்க இதைவிட எளிய வழி இல்லை.

தொலைக்காட்சியைப் பரிசாக வைக்கலாம். தாயைக் காண்பதையும், நூலையும், திறந்த வானின்கீழ் நடக்கும் நேரத்தையும் இப்படிக்கட்டில் ஏற்றவே கூடாது. கீழிறக்கும் ஒவ்வொரு ஆணைக்கும் எழுத்தில் காரணம் வேண்டும். அதை எதிர்த்து முறையிட, அவ்வாணையில் பங்கற்ற ஒருவர் வேண்டும்.