திணிப்பு வேறு, விருப்பம் வேறு

தேவதானத்திலிருந்து கல்லூரிக்கு வரும் காலைப் பேருந்தில், என் பக்கத்தில் அமர்ந்திருந்த தம்பி ஒருவன் நோட்டில் வட்டமும் கோடுமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். “என்னடா தம்பி இது?” என்றேன். “கொரிய எழுத்துண்ணே. அவங்களும் அப்பாவை ‘அப்பா’ன்னுதான் கூப்பிடுறாங்க” என்றான். பின்னிருக்கைப் பெரியவர் ஒருவர், “இங்கிலீஷே வந்தபாடில்லை; அதுக்குள்ள கொரியாவா?” என்றார். பேருந்தே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சீனாவும் தென்கொரியாவும் தூதரக உறவு கொண்டதே 1992-இல்தான். இன்றோ சீன மாணவர்கள் பல்லாயிரக்கணக்கில் கொரியா சென்று அம்மொழியைப் பயில்கிறார்கள். பழம்பெருமை மிக்க மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட அவர்கள், அண்டை நாட்டு மொழியைக் கற்பதால் தம் மொழி தாழ்ந்துவிடும் என்று அஞ்சவில்லை.

நமக்கு மட்டும் ஏன் இந்தத் தயக்கம்? 1965-இல் தமிழக மாணவர்கள் போராடியது மொழித் திணிப்பை எதிர்த்தேயன்றி, மொழி கற்பதை எதிர்த்தன்று. பல ஐரோப்பிய மொழிகளைக் கற்ற தனிநாயகம் அடிகள்தாம், 1554-இல் லிஸ்பனில் அச்சான தமிழ் நூலை உலகறியச் செய்தார். அயல்மொழி அறிவு அவருடைய தமிழுக்கு உரமாயிற்றே தவிர, ஊறு செய்யவில்லை.

கொரிய மொழி நமக்கு எட்டாத கனியும் அன்று. 1446-இல் செஜோங் மன்னர் வெளியிட்ட அதன் எழுத்து முறையில் இன்று அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. தமிழைப் போலவே வினைச்சொல் இறுதியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின் வரும். இதைக்கொண்டு இரண்டும் ஒரு தாய் மக்கள் என்று கூறிவிட முடியாது. மொழியியலார் அதை ஏற்கவில்லை. ஆயினும் கற்பவனுக்கு இது பெரிய வசதியல்லவா?

பயன் என்ன என்று கேட்பார்க்கும் விடை உண்டு. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் கொரிய நிறுவனங்கள் பல தமிழகம் வந்தன. இயந்திரத்தின் முன் நிற்பவர் நம்மவர். முதலீடு செய்தவர் கொரியர். இருவருக்கும் இடையே நின்று பேச வல்லவர் எத்தனை பேர்?

சென்னையில் இன்கோ மையம் 2006 முதல் இயங்குகிறது. அங்கே கொரிய மொழி கற்கலாம். ஆனால் மலையடிவாரத்தில் வயலையும் தோப்பையும், இராசபாளையத்தில் நூற்பாலையையும் நம்பி வாழும் குடும்பத்துப் பிள்ளை, சென்னையில் அறை வாடகை கொடுத்து மொழி படிக்க இயலுமா? கைப்பேசியில் இலவசமாகப் படிக்கலாம் என்பார்கள். படிக்கலாம், உச்சரிப்பு பிழைத்தால் திருத்துவார் யார்?

ஆகவே நம் போன்ற அரசு கலைக் கல்லூரிகளில், விரும்பும் மாணவருக்கு மாலை நேர அயல்மொழிச் சான்றிதழ் வகுப்பு ஒன்று வேண்டும். கொரியமோ, ஜப்பானியமோ, ஜெர்மனோ, எதுவாயினும் சரி. ஓர் ஆசிரியரும் ஓர் அறையும் இருந்தால் தொடங்கிவிடலாம். கட்டாயம் வேண்டாம், கதவு திறந்திருந்தால் போதும்.

பேருந்தில் எல்லோரும் சிரித்தபோது அந்தத் தம்பி நோட்டை மூடிவிட்டான். அதை மீண்டும் திறக்க வைப்பது நம் கல்லூரியின் கடமை.