விமானப் பயம் வெட்கத்துக்குரியதா?

மகளுக்கு அமெரிக்காவில் பிரசவம். விசா வந்தாகிவிட்டது. மாப்பிள்ளை டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டார். தாராவியில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர், மனைவியோடு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் தேதி நெருங்க நெருங்க ஒவ்வொரு தடையாக முளைத்தது. முதலில் ரத்த அழுத்தம் என்றார். பிறகு ஊரில் கோயில் கொடை என்றார். அப்புறம், வீட்டைப் பூட்டிப் போட்டால் யார் பார்த்துக்கொள்வது என்றார். மனைவியைத் தனியே அனுப்பவும் வழியில்லை. அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தியும் அரைகுறை. உண்மையான காரணம் ஒன்றே ஒன்றுதான். அதை மட்டும் அவர் வாய் திறந்து சொல்லவில்லை. விமானத்தில் ஏற அவருக்குப் பயம்.

இப்படிப்பட்டவர்கள் மும்பைத் தமிழரிடையே ஒருவர் இருவர் அல்லர். மாட்டுங்கா, சயான், செம்பூர், டோம்பிவிலி என்று எங்கே விசாரித்தாலும் பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்ட வீடுகள் இருக்கின்றன. பெற்றவர்களோ ஊருக்குப் போவதென்றால் புளிச்சோறும் முறுக்கும் கட்டிக்கொண்டு, நாகர்கோவில் வண்டியில் ஒன்றரை நாள் உட்கார்ந்து போய்ப் பழகியவர்கள். அவர்களைத் திடீரென்று பதினைந்து பதினாறு மணி நேரம் வானத்தில் இரு என்றால் வயிற்றைக் கலக்காதா? முதியவர்கள் மட்டுமல்ல. வட்டிக்கு வாங்கி, நகையை அடகு வைத்து வளைகுடா வேலைக்குக் கிளம்பும் இளைஞனுக்கும் இதே கலக்கம்தான். அவன் பயந்து நின்றுவிட்டால் போவது டிக்கெட் பணம் மட்டுமல்ல. குடும்பத்தின் தலையில் கடனும் நிற்கும்.

சுற்றியிருப்பவர்கள் செய்யும் முதல் காரியம் சிரிப்பது. "இதுக்குப் போய் பயப்படலாமா?" என்று ஒருவர், "சின்னப் பிள்ளையெல்லாம் தூங்கிக்கிட்டே போகுது" என்று இன்னொருவர். அடுத்த காரியம் கணக்குச் சொல்வது. மும்பை லோக்கல் ரயில் பாதைகளில் விழுந்தும் அடிபட்டும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். முப்பது வருடம் வாசற்கம்பியில் தொங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனவர் விமானத்துக்குப் பயப்படுவது வேடிக்கை என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் கணக்கால் பயம் போவதில்லை. லோக்கலில் தொங்குபவன் கையில் ஒரு கம்பி இருக்கிறது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடலாம் என்ற எண்ணம் இருக்கிறது. விமானத்தில் கதவை மூடிவிட்டால் அவன் கையில் ஒன்றுமே இல்லை. உயிரை முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கும்மென்று உட்கார வேண்டும். பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அது காரணமில்லாத பயமும் அல்ல. மும்பையில் பழைய ஆட்கள் 1978 ஜனவரி 1-ஆம் தேதியை மறக்கவில்லை. துபாய்க்குக் கிளம்பிய ஜம்போ விமானம் சில நிமிடங்களில் பாந்த்ரா அருகே கடலில் விழுந்து, இருந்த 213 பேரும் மாண்டனர். 2025 ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் லண்டன் புறப்பட்ட விமானம், மேலெழுந்த சற்று நேரத்திலேயே மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். தரையில் இருந்தவர்களும் மாண்டார்கள். அந்தக் காட்சியைக் கைப்பேசியில் பத்துத் தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் எப்படி நம்புவார்? சொல்பவருக்கே நிச்சயமில்லை என்பது அவருக்குத் தெரியாதா? விமானங்கள் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பறந்து பத்திரமாக இறங்குகின்றன, விழுவது அபூர்வம் என்று சொல்லலாம். அது உண்மை. ஒருபோதும் விழாது என்பது பொய்.

பெரிய மனிதர்களுக்கும் இந்தப் பயம் இருந்திருக்கிறது. விண்வெளிக் கதைகளாக எழுதிக் குவித்த ஐசக் அசிமோவ், தம் வாழ்நாளில் இரண்டே தடவைதான் விமானம் ஏறினார். அதில் ஒன்று ராணுவத்தில் இருந்தபோது. எழுத்தில் நட்சத்திர மண்டலங்களைச் சுற்றியவர், ஊர்களுக்கு ரயிலிலும் கப்பலிலும் போனார். டச்சுக் கால்பந்து வீரர் டென்னிஸ் பெர்க்கம்ப் 1994 உலகக் கோப்பைக்குப் பிறகு விமானமே ஏற மாட்டேன் என்று இருந்துவிட்டார். அவர்கள் வசதிக்கு அப்படி இருந்துவிடலாம். மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டிய தாராவிக்காரருக்கு அந்த வசதி இல்லை.

அவரை மாற்றியது உபதேசம் அல்ல. அதே சந்தில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பையன் ஒருவன். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. பெரியவர் மூன்றாவது தடவையாக டிக்கெட் தேதியை மாற்றச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "என்ன அண்ணாச்சி, பயமா இருக்கா?" என்று நேராகவே கேட்டுவிட்டான். அவன் சிரிக்கவில்லை. அதனால் அவரும் மறைக்கவில்லை.

"ஏறின உடனே அடியில 'டம்'முன்னு ஒரு சத்தம் கேக்கும் அண்ணாச்சி. சக்கரத்தை உள்ள இழுக்கான். கொஞ்ச நேரங் கழிச்சு இன்ஜின் சத்தம் குறையும். நின்னு போச்சோன்னு தோணும், உடம்பு கீழ இறங்குத மாதிரி இருக்கும். நிக்கல. ஏத்தம் ஏறி முடிச்ச லாரிக்காரன் ஆக்சிலேட்டர்ல காலை லேசாக்குதான்லா, அது மாதிரி. இறங்கையில றெக்கையில பலகை பலகையா நீளும், கரகரன்னு சத்தம் வரும். அதுவும் நல்லதுக்குத்தான்."

"றெக்கை ஆடுமாமே தம்பி?"

"ஆடத்தான் செய்யும். காத்துல பனை ஆடல? அந்த மாதிரி ஆடுதக்குத்தான் செஞ்சிருக்கான்."

இரண்டு மாலை இப்படிப் பேச்சு நடந்தது. எந்தச் சத்தம் எப்போது வரும் என்று தெரிந்தபின் பெரியவருக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. இருட்டில் ஓசை கேட்டால் நடுங்குபவன், அது பூனை உருட்டிய பாத்திரம் என்று தெரிந்தால் நடுங்குவானா?

தெரிந்துகொள்ள வேண்டியவை இன்னும் உண்டு. மேகத்தில் விமானம் குலுங்குவது பள்ளம் மேடான ரோட்டில் பஸ் குலுங்குவது போலத்தான். பஸ்ஸில் பின் சீட்டுக்காரருக்கு அடி அதிகம். விமானத்திலும் வால் பக்கம் ஆட்டம் அதிகம், இறக்கை அருகே குறைவு. இடம் கேட்கும்போதே இறக்கை அருகே கேட்டு வாங்கலாம். மூச்சு முட்டுமோ என்று சிலருக்குப் பயம். உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய ஊட்டி மலையில் இருப்பது போன்றதுதான். இருதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஏற வேண்டும். நெடுந்தூர விமானத்தில் ஒரே விமானி பதினாறு மணி நேரம் கண் விழித்து ஓட்டுவதில்லை. பெரும்பாலும் நான்கு பேர் இருந்து, முறை வைத்து ஓய்வெடுக்கிறார்கள். ரயிலில் டிரைவர் மாறுவது வழியில் ஒரு ஸ்டேஷனில். இங்கே மாறுவது வானத்திலேயே.

இன்ஜின் நின்றால் கல் போல விழுந்துவிடும் என்பது பலருடைய எண்ணம். 2001 ஆகஸ்டில் கனடாவிலிருந்து போர்ச்சுகல் சென்ற விமானம் ஒன்றில் எண்ணெய் ஒழுகி, அட்லாண்டிக் கடல் மேல் இரண்டு இன்ஜினும் நின்றுவிட்டன. அது பருந்து போலச் சறுக்கிக்கொண்டே வந்து ஒரு தீவில் இறங்கியது. 306 பேரும் பிழைத்தார்கள். அதற்கு உயரம் இருந்தது, நேரம் இருந்தது. அகமதாபாத்தில் அது இரண்டும் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கேட்பவருக்கு நம்பிக்கை வரும்.

இனி, செய்யக்கூடாதது. தைரியத்துக்கு ஒரு கட்டிங் போட்டுவிட்டு ஏறும் வழக்கம் வளைகுடா போகும் பிள்ளைகளிடம் இருக்கிறது. தள்ளாடி வருபவரை ஏற்ற மறுக்க விமானக் கம்பெனிக்கு உரிமை உண்டு. ஏற்றிக்கொண்டாலும் இறங்கும் நாட்டில் அதுவே வழக்காகலாம். வேலை தேடிப் போனவன் லாக்கப்பில் உட்கார வேண்டியதுதான். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரையும் ஆகாது. தூங்கித்தான் போக வேண்டும் என்றால் டாக்டரிடம் கேட்டு வாங்கட்டும். இன்னொன்று: விளக்கு அணைந்தவுடன் பெல்ட்டைக் கழற்றி எறிவது. 2024 மே 21-ஆம் தேதி லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற விமானம் திடீரெனக் குலுங்கியதில் ஒருவர் இறந்தார். பலர் தலையிலும் முதுகிலும் அடிபட்டார்கள். உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பெல்ட் இடுப்பில் இருந்தால் குலுக்கலுக்குப் பாதிப் பயம் வேண்டாம்.

முதல் தடவையே பதினாறு மணி நேரம் என்பது, நீந்தத் தெரியாதவனை நடுக்கடலில் இறக்குவது போன்றது. முடிந்தவர்கள் அதற்கு முன் ஒரு தடவை சென்னைக்கு விமானத்தில் போய் வரலாம். இரண்டு மணி நேரப் பயணம். மகன் அமெரிக்க டிக்கெட்டுக்குக் கொட்டும் பணத்தில் இது பெரிய செலவல்ல. முடியாதவர்கள் என்ன செய்வது? ஏறியதும் விமானப் பணிப்பெண்ணிடம் "எனக்கு இது முதல் பயணம், பயமாக இருக்கிறது" என்று சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு இது புதிதல்ல. அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்வார்கள். சிக்கல் மொழியில்தான். அறிவிப்பெல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஓடும்போது, தமிழ் மட்டும் தெரிந்த அம்மாளுக்கு ஒவ்வொரு அறிவிப்பும் ஆபத்துச் செய்தியாகத்தான் காதில் விழும். இந்த இரண்டு வரியை ஆங்கிலத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தனுப்ப எந்தப் பிள்ளைக்கும் நேரமிருக்கும்.

டிராவல்ஸ்காரர்கள் பெட்டியின் எடை எத்தனை கிலோ, ஊறுகாயை எப்படிக் கட்ட வேண்டும் என்பதுவரை சொல்கிறார்கள். சத்தத்தைப் பற்றியும் குலுக்கலைப் பற்றியும் பத்து நிமிடம் சொன்னால் என்ன? பொங்கல் விழாவுக்கு மேடை போடும் சங்கங்கள், முதல் தடவை பறப்பவர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கக் கூடாதா? பேச்சாளருக்கு எங்கும் அலைய வேண்டாம். துபாய், மஸ்கட், குவைத் என்று பத்துத் தடவை போய் வந்தவர் ஒவ்வொரு சந்திலும் இருக்கிறார். கொண்டுவந்த சென்ட் பாட்டிலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். முதல் தடவை ஏறும்போது தனக்குத் தொடை நடுங்கியதை மட்டும் அவர் சொல்வதில்லை.

தாராவிப் பெரியவர் கடைசியில் போய்ச் சேர்ந்தார். பேரன் பிறந்து ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, பெட்டி ஏற்றும் பையன் வந்து, "எப்படி அண்ணாச்சி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"நீ சொன்ன 'டம்' கேட்டுச்சு தம்பி. பக்கத்துல ஒருத்தன் பயந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டான். சக்கரம்தான்யா உள்ள போகுதுன்னேன். காலை மட்டும் நடுவுல எந்திரிச்சு நடந்து உதறணும்னு நீ சொல்ல மறந்துட்ட. இறங்கையில செருப்பே நுழையல."