செட் மாத்திரை: குற்றவாளி யார்?

"காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் போவதில்லை, மருந்துக் கடைக்குப் போகிறார்கள். கிராமத்து ஜனங்களுக்குப் புத்தி சொல்லி மாளாது!" - நகரத்துப் பெரிய மனிதர்கள் இப்படிப் பேசுவதை அடிக்கடி கேட்கிறோம். ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கண்டபடி தின்று நாட்டையே கெடுப்பவன் ஏழைதான் என்பது இவர்களுடைய தீர்ப்பு. இந்தத் தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லுகிறோம்.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது குடுமியான்மலை. வானம் பார்த்த பூமி. அந்த வட்டாரத்தில் கூலி வேலை செய்து பிழைக்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். இரவில் குழந்தைக்குக் காய்ச்சல். விடிந்ததும் புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் வைத்தியம் இலவசம், மருந்தும் இலவசம். உண்மைதான். ஆனால் பஸ் பிடித்து, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, வீடு திரும்பினால் பகல் போய்விடும். பகல் போனால் கூலி போய்விடும். கூலி போனால் அன்றைக்கு அடுப்பு எரியாது. மருந்துக் கடையோ இரவிலும் திறந்திருக்கிறது. சில ரூபாய்க்கு ஒரு 'செட்' கிடைக்கிறது. அந்தத் தாய் செட் மாத்திரை வாங்குவது அறியாமையினால் அல்ல. அது வறுமை போட்டுக் கொடுத்த கணக்கு.

ஆனால் தோழர்களே, இந்தக் கணக்கில் உயிரும் சேர்ந்திருக்கிறது என்பதை நாம் மறைக்கக் கூடாது.

செட் என்பது என்ன? காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, கூடவே ஒரு ஆன்டிபயாடிக்; சில இடங்களில் ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் சேரும். எல்லாவற்றையும் அட்டையிலிருந்து கத்தரித்துச் சிறு காகித உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. ஸ்டீராய்டு வேதனையை உடனே அடக்கிவிடும். "கைராசிக் கடை" என்று பெயர் வரும். நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருப்பது வெளியே தெரியாது.

பென்சிலின், அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தவை. ஆனால் சிலருடைய உடம்புக்கு அவை ஒவ்வா. உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சு முட்டும், ரத்த அழுத்தம் விழும், சில நிமிஷங்களில் உயிரே போகலாம். சல்பா மருந்துகள் அபூர்வமாகச் சிலருக்குத் தோலையும் வாயையும் வெந்து உரியச் செய்யும். சிப்ரோஃப்ளாக்சசின் இனத்து மருந்துகள் தசைநாண்களை அறுத்துவிடக் கூடும் என்று 2008-ல் அமெரிக்க மருந்துத் துறை கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் செய்தது. வலி மாத்திரையைத் தினமும் விழுங்குகிறவருக்கு வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். இப்படி ஒருவரை ஆஸ்பத்திரியில் கொண்டு போய்ப் போட்டால் வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிட்டார்?" என்பதுதான். காகித உறையைக் காட்டி என்ன பதில் சொல்ல முடியும்?

குடுமியான்மலையில், பெயர் தெரியாத பழங்காலத்து மனிதர்கள் ராகங்களின் ஸ்வரங்களைப் பாறையில் வெட்டி வைத்தார்கள். கற்க வருகிற எவரும் பார்த்துப் படிக்கட்டும் என்று எழுதினார்கள். அதே ஊர்க்காரர் இன்று விழுங்கும் மாத்திரையின் பெயரை அறிய அவருக்கு உரிமை கிடையாதா?

இரண்டாவது கேடு மெதுவாக வருவது. பென்சிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945-ல் நோபல் பரிசு பெற்ற போதே எச்சரித்தார்: இந்த மருந்தை யாரும் கடையில் வாங்கலாம் என்ற நாள் வந்தால், குறைந்த அளவு சாப்பிட்டுக் கிருமிக்குப் பலம் ஏற்றிவிடுவார்கள் என்று. அதுவே நடந்தது. இரண்டு வேளை தின்று நிறுத்தினாலும், தேவையில்லாத சளிக்கும் தின்றாலும், மருந்துக்கு அடங்காத கிருமிகளே மிஞ்சிப் பெருகுகின்றன. 2019-ஆம் வருஷத்தில் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இத்தகைய கிருமிகளினாலேயே மாண்டார்கள் என்று விஞ்ஞானிகள் மதிப்பிட்டிருக்கிறார்கள். விலை கூடிய மருந்து வாங்க முடிந்தவன் ஒருவேளை தப்புவான். முதலில் சாகிறவன் ஏழை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. ஆன்டிபயாடிக் மருந்தை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. 2014 மார்ச் முதல், 'எச்-1' பட்டியலில் உள்ள மருந்துகளை விற்றால் வைத்தியர் பெயரையும் நோயாளி பெயரையும் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். எத்தனை கடைகளில் அந்த நோட்டு இருக்கிறது? எத்தனை கடைகளில் படித்த பார்மசிஸ்ட் நேரில் நிற்கிறார்? எத்தனை இடங்களில் அவருடைய சர்டிபிகேட் மட்டும் சுவரில் தொங்குகிறது? மருந்து இன்ஸ்பெக்டர்கள் பதில் சொல்லட்டும்.

கடைக்காரர் மீது மட்டும் பழி போட்டு மேலே இருப்பவர்களைத் தப்பவிடவும் நாம் தயாராக இல்லை. பொருத்தமில்லாத மருந்துகளை ஒரே மாத்திரையாகச் சேர்த்துப் புதுப் பெயர் சூட்டி விற்பது பெரிய கம்பெனிகளின் லாப வேட்டை. 2016 மார்ச்சில் மத்திய சர்க்கார் இப்படிப்பட்ட 344 கலப்பு மருந்துகளைத் தடை செய்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. அவ்வருஷம் டிசம்பரில் டில்லி ஹைகோர்ட் தடையை ரத்து செய்தது. மறு பரிசீலனைக்குப் பிறகு 2018 செப்டம்பரில்தான் 328 மருந்துகள் மீண்டும் தடையாயின. இடையில் கழிந்த இரண்டரை வருஷம் அவற்றை விழுங்கியது யார்? கம்பெனி டைரக்டர்களா?

இன்னும் கொடுமை, 2025-ல் நம் மாநிலத்திலேயே நடந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு கம்பெனி தயாரித்த 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் மாண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள்! சோதித்துப் பார்த்ததில் 48.6 சதவிகிதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருந்தது. கம்பெனியின் லைசென்ஸ் ரத்தாயிற்று, முதலாளி கைதானார். போன உயிர் திரும்புமா? இதே விஷம் 1937-ல் அமெரிக்காவில் சல்பா மருந்தில் கலந்து நூறு பேருக்கு மேல் கொன்றது. 1972-ல் சென்னையிலேயே குழந்தைகளைக் கொன்றது. 1986-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் கொன்றது. அமெரிக்கா மறு வருஷமே கடுமையான சட்டம் கொண்டுவந்தது. நம் நாடு ஒவ்வொரு முறையும் அழுதுவிட்டு மறந்துவிட்டது.

சோவியத் உதவியுடன் ரிஷிகேசத்தில் ஆன்டிபயாடிக் தொழிற்சாலை கட்டிய ஐ.டி.பி.எல். ஸ்தாபனத்தை மூட 2016-ல் மத்திய மந்திரிசபை முடிவெடுத்தது. அவசியமான 117 மருந்துகளைக் குறிப்பிட்டு, கம்பெனிப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கச் சொன்ன ஹாதி கமிட்டி அறிக்கை 1975-லிருந்து தூங்குகிறது. மருந்தை லாபச் சரக்காக விட்டுவிட்டு, வாங்குகிறவனுக்குப் புத்தி சொல்வதில் என்ன நியாயம்?

"சீட்டில்லாமல் விற்காதே" என்று கண்டிப்புச் செய்தால் போதும் என்பார் உண்டு. கேரளத்தில் 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் கடைகளில் சோதனை தொடங்கினார்கள். அது நல்ல காரியம், இங்கும் வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரிக் கதவைத் திறக்காமல் கடைக் கதவை மட்டும் மூடினால் தண்டனை ஏழைக்குத்தான். இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டும். ஆகவே நாம் கோருகிறோம்:

1. கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில், கூலிக்காரர் வேலை விட்டுத் திரும்பும் மாலை வேளையிலும் வைத்தியர் இருந்து பார்க்க வேண்டும்.

2. கத்தரித்துக் கொடுக்கும் மாத்திரையானாலும், பெயரும் காலாவதித் தேதியும் சாப்பிடும் முறையும் தமிழில் எழுதிக் கொடுப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

3. போதிய மருந்து இன்ஸ்பெக்டர்களையும் சோதனைச் சாலைகளையும் ஏற்படுத்த வேண்டும். சோதிக்காத சிரப் எதுவும் தொழிற்சாலையை விட்டு வெளியே வரக் கூடாது.

4. அவசியமான மருந்துகளைப் பொதுத்துறையே தயாரிக்க வேண்டும்.

இவை கிடைக்கும் வரை வாசகர்கள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. அட்டையில் சிவப்புக் கோடு கண்டால் அது வைத்தியர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து என்று அறியுங்கள். பெயரில்லாத மாத்திரையை வாங்காதீர்கள். அட்டையைக் கேளுங்கள், பில்லைக் கேளுங்கள். ஒரு மருந்து ஒருமுறை ஒவ்வாமல் போனால் அதன் பெயரை எழுதி வைத்து ஒவ்வொரு வைத்தியரிடமும் காட்டுங்கள். மருந்தினால் கேடு நேர்ந்தால் 1800-180-3024 என்ற இலவச டெலிபோனில் பொதுமக்களே தெரிவிக்கலாம். விவசாயிகள் சங்கமும் மாதர் சங்கமும் வாலிபர் சங்கமும் கிராமந்தோறும் இதை எடுத்துச் சொல்லட்டும். கடைகளில் அந்த எச்-1 நோட்டு இருக்கிறதா என்று கேட்கட்டும். ஒருவர் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். ஊரே திரண்டு கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.