பலெர்மோவில் யார் கணக்குக் கேட்பது?

பலெர்மோவின் நோர்மன் அரண்மனையில் 1947 முதல் சிசிலிச் சட்டமன்றம் கூடுகிறது. தங்கப் பதிகற்கள் மின்னும் பலத்தீனத் தேவாலயத்தைக் காண வரிசையில் நிற்கும் பயணிகளுக்கு, அதே கட்டடத்தில்தான் பட்ஜெட் குழுவும் அமர்கிறது என்பது தெரிய நியாயமில்லை.

70 உறுப்பினர் கொண்ட அவையில் ஒவ்வொரு செலவும் முதலில் வடிகட்டப்பட வேண்டிய இடம் அந்தக் குழு. ஆனால் இந்தத் திருவிழாவுக்குக் கொஞ்சம், அந்தச் சங்கத்துக்குக் கொஞ்சம் என்று தொகுதிக்காரர்களின் திருத்தங்கள் பட்ஜெட்டில் ஒட்டிக்கொள்வது அங்கே பழைய வழக்கம். வடிகட்டியே ஓட்டையானால் யாரை நோவது? 2012 ஜூலையில் சிசிலி திவாலாகுமோ என்று அப்போதைய இத்தாலியப் பிரதமர் மரியோ மொந்தியே வெளிப்படையாகக் கவலைப்பட்டார். அந்த மாத இறுதியில் பிராந்தியத் தலைவர் ரஃபாயேலே லொம்பார்தோ பதவி விலகினார்.

செலவான பிறகு பார்க்கத் தணிக்கை நீதிமன்றம் இருக்கிறது. அதன் கேள்விகளை அவை விடாமல் துரத்த வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்தால், நம் இந்திய நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சியினரே தலைமை ஏற்பது மரபு. குறைகள் உண்டு, அறிக்கைகள் தூசி படிவதும் உண்டு. ஆனாலும் ஆளுங்கட்சியின் செலவை ஆளுங்கட்சியே சரிபார்க்கும் கூத்து இங்கில்லை.

பலெர்மோவில் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர்கள் உழைத்து வரி கட்டுகிறார்கள். வாக்குரிமை பெற்றவர்களாவது அடுத்த தேர்தலில் வேட்பாளரிடம் இந்தக் கணக்கைக் கேட்கட்டும்.